கிணற்றுக்கும் குழிக்கும் இடையே

யாழ்ப்பாணக் கோட்டையின் அருகிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகம் நோக்கிச் செல்வோருக்கு இரு மருங்கிலும் தோன்றுவது நீரே. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆழங்குறைந்த பரவைக்கடல்; அதனிடையே கம்பு நாட்டிக் கட்டிய மீன்வலைகள்; அவற்றைக் கடந்ததும் முதலில் எதிர்ப்படும் தீவு மண்டைதீவு. இத்துணை நீருக்கு நடுவே இருந்தும், அத்தீவின் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தாகந் தீர்க்க நம்பி வந்தது வளவின் ஒரு மூலையில் உள்ள கிணற்றையே. அங்கே ஆறு இல்லை. மலையிலிருந்து இறங்கி வரும் ஓடையும் இல்லை. மாரியில் வானம் தருவதை நிலம் வாங்கி வைத்துக் கோடையில் கிணற்றின் வழியாகத் திருப்பித் தருகிறது. அவ்வளவே தீவின் நீர்ச் செல்வம்.

அதே வளவின் மற்றொரு மூலையில் வேறொரு குழியும் உண்டு. அது மலசலகூடக் குழி. கிணறு நிலத்திலிருந்து நீரை வாங்குகிறது; குழி நிலத்துக்கு நீரைக் கொடுக்கிறது. வாங்கும் நிலமும் கொடுக்கும் நிலமும் ஒன்றே. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சில பாக நிலத்தினுள் என்ன நடைபெறுகின்றது என்பதே தீவின் சுகவாழ்வைத் தீர்மானிப்பதாகும். அந்த இடைவெளியிலே இயற்கை செய்யத் தவறும் வேலையை மனிதன் எவ்வாறு செய்து முடிக்கலாம் என்பது ஆராயத்தக்கது.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் சுண்ணக்கற் பாறையின் மீது அமைந்தவை. மேலே மெல்லிய மண்படை. அதன் கீழே வெடிப்பும் துளையும் பொந்தும் நிறைந்த கல். மழைநீர் இவ்வெடிப்புகளினூடே இறங்கிக் கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லையைப்போல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்நீரிலும் சற்றே இலேசானது என்பதே அது மிதப்பதற்குக் காரணம். ஒல்லாந்துப் பொறியியலாளரான படோன் கைபென் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவர் 1901 ஆம் ஆண்டிலும் இவ்வில்லையின் இலக்கணத்தைத் தனித்தனியே வகுத்தனர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை அது தாழ்ந்து நிற்கும் என்பது அவ்விதி. குறுகிய, தாழ்ந்த தீவொன்றில் நீர்மட்டம் கடலுக்கு மேல் அதிகம் உயர்வதில்லை; ஆகவே வில்லையும் தடித்து வளர்வதில்லை. மிகுதியாக இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். அழுக்கை ஊற்றினால் மேலிருந்து நஞ்சு இறங்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இந்த மெல்லிய நீர்ப்படையே மண்டைதீவு போன்ற ஊர்களின் உயிர்நாடி.

இந்நிலத்தின்மேல் ஒரு குடும்பம் நாள்தோறும் விடும் கழிவுநீர் எவ்வளவு? ஆளொன்றுக்கு நூறு லீற்றர் எனக் கொண்டால், ஐவர் வாழும் வீட்டிலிருந்து 500 லீற்றர் வெளியேறும். அதில் மிகப்பெரும் பங்கு நீரே. குசினியிற் கழுவிய நீர், குளித்த நீர், துவைத்த நீர், மலசலகூட நீர் யாவும் சேர்ந்த இக்கலவையில் திண்பொருள் நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆயின் அந்தச் சிறு பங்கிலேதான் நெருப்புக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் செங்கமாரியும் உண்டாக்கும் கிருமிகள் உள்ளன. அழுகும் சேதனப் பொருள்கள் உள்ளன. நைதரசன் சேர்வைகள் உள்ளன. இம்மூன்றையும் நீக்குவதே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எனப்படுவது. இம்மூன்றும் ஒரே முறையினால் நீங்குவன அல்ல என்பதை இங்கே மனங்கொள்ளல் வேண்டும்.

இயற்கையில் அழுகற்பொருளை உண்டு தீர்க்கும் நுண்ணுயிர்கள் இரு குலத்தன. ஒரு குலம் காற்றை வேண்டாதது. காற்றுப்பட்டால் மடிவனவும் அதில் உண்டு. மற்றது காற்றின்றி இயங்காதது. முதற் குலத்தின் வீடு அழுகல் தாங்கி. மூடிய தாங்கியினுள்ளே கழிவுநீர் புகுந்து அமைதியடையும்பொழுது பாரமானவை அடியிற் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாய்ப் படர்கின்றன. அடியிற் படிந்த சேற்றை ஒரு வகைப் பற்றீரியாக்கள் கரைக்கின்றன. கரைந்ததை வேறொரு வகை அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்களை இன்னொரு வகை மெதேன் வாயுவாகவும் காபனீரொட்சைட்டாகவும் ஆக்கி வெளிவிடுகின்றன. ஒன்றின் எச்சில் மற்றொன்றின் உணவு. இவ்வேலைக்கு மின்சாரம் வேண்டியதில்லை, பொறி வேண்டியதில்லை, காவலும் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வெப்பம் இவற்றுக்கு மிக உகந்தது. குளிர்நாடுகளில் மாரிகாலத்திற் சோர்ந்துவிடும் இந்நுண்ணுயிர்கள் இங்கே ஆண்டு முழுவதும் உழைக்கின்றன. மேலும், இவை உண்டதிற் பெரும்பகுதியை வாயுவாக விட்டுவிடுவதால் எஞ்சும் சேறும் குறைவு.

ஆயின் இக்குலத்தின் வேலை பாதி வேலையே. கழிவுநீரின் அழுக்கை அளக்க அறிஞர் வகுத்த அளவுகோல்களுள் ஒன்று, அதனைச் செரிக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசனை வேண்டும் என்பதாகும். வீட்டுக் கழிவுநீரின் ஒரு லீற்றருக்கு இத்தேவை 300 மில்லிகிராம் அளவில் இருப்பின், நன்கு அமைந்த அழுகல் தாங்கியினின்று வெளிவரும் நீரில் அது ஏறக்குறைய அதிற் பாதியாயிருக்கும். திண்பொருளிற் பெரும்பாகம் நின்றுவிடும்; கரைந்தது நிற்பதில்லை. கிருமிகளிற் சில அமிழ்ந்து மடியும். பல தப்பிச் செல்லும். நைதரசனோ அமோனியாவாக உருமாறி அப்படியே வெளியேறும். கறுத்து, நாறி, கிருமி சுமந்து வரும் அந்நீரைச் சுத்திகரித்த நீர் என்று கருதுவது பெருந்தவறு.

இத்தவறு எங்ஙனம் நேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சில் மூரா என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் மூடிய மலத்தொட்டியொன்றை அமைத்து, அதனுட் சென்ற திண்பொருள் கரைந்து போதலைக் கண்டார். இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில் டொனால்ட் கமரன் என்பார் 1895 ஆம் ஆண்டளவில் அதனைப் பெரிதாக அமைத்து, இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலப் பெயரையும் அதற்குச் சூட்டினார். ஆனால் கமரன் தாங்கியோடு நின்றவரல்லர். தாங்கியினின்று வெளிவந்த நீரை அவர் வடிகற் படுகைகளின் மீது முறைமுறையாகப் பாய்ச்சினார். படுகை நிரம்பும், பின்னர் வடியும், வடியும்பொழுது காற்று உட்புகும், அக்காற்றிலே இரண்டாங் குலத்து நுண்ணுயிர்கள் எஞ்சிய வேலையை முடிக்கும். அழுகல் தாங்கி பிறந்தபொழுதே அதனுடன் இரட்டையாய்ப் பிறந்தது இந்தக் காற்றுப் படுகை. காலப்போக்கில், அவ்வமைப்பு வீடுதோறும் பரவியபோது, இரட்டையரில் ஒருவர் மட்டுமே பயணஞ் செய்தார். படுகையின் இடத்தில் ஓர் உறிஞ்சற்குழி வைக்கப்பட்டது. மிகுதியை மண் பார்த்துக்கொள்ளும் என்று விடப்பட்டது.

மண் பார்த்துக்கொள்ளும் நாடுகளும் உண்டு. ஆழமான மணல்கலந்த செம்மண்ணுள்ள இடத்திலே, நீர்மட்டம் பல அடி கீழே இருக்குமானால், குழியிலிருந்து கசியும் நீர் மண்மணிகளின் இடையே துளித்துளியாக இறங்கும். அவ்விடைவெளிகளிற் காற்று இருக்கும்; காற்று வேண்டும் நுண்ணுயிர்கள் இருக்கும். அங்கே மண்ணே இரண்டாந் தாங்கி. இந்த எதிர்பார்ப்பின் மீதே கிணற்றுக்கும் குழிக்கும் இத்தனை அடி இடைவெளி வேண்டும் என்னும் விதிகள் எழுந்தன.

மண்டைதீவின் சுண்ணக்கல் இந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதில்லை. மேலுள்ள மண்படை மெல்லியது. அதனைத் தாண்டியதும் நீர் வடிகட்டப்படுவதில்லை, வெடிப்பினூடே ஓடுகிறது. வெடிப்பு எத்திசை செல்கிறதோ அத்திசையில் அழுக்கும் செல்லும். ஐம்பது அடி தொலைவிலுள்ள கிணறு தப்பலாம். அதற்கப்பாலுள்ள அயலவர் கிணறு கெடலாம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரிமழையில் நிலத்தடி நீர் உயர்ந்து குழியின் அடியைத் தொட்டுவிடுமாயின், இடையில் மண்ணும் இல்லை, காற்றும் இல்லை. குழியும் கிணறும் நேரே கைகோத்துக் கொள்கின்றன. 1990 ஆம் ஆண்டுப் போரினால் ஊரைவிட்டு நீங்கிய தீவக மக்கள் மீண்டும் வந்து குடியமர்ந்தபொழுது, நீரடைப்பு மலசலகூடங்களும் உடன் வந்தன. அது நன்றே, வெளியிற் செல்லும் வழக்கத்திலும் அது பன்மடங்கு மேலானது. ஆயினும் மலசலகூடம் அமைத்ததோடு சுகாதாரம் முடிந்துவிட்டது என எண்ணுவது இத்தகைய நிலத்திற்குப் பொருந்தாது.

ஆகவே மண் செய்யாத பாதி வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். காற்று வேண்டும் நுண்ணுயிர்களைப் பொறியியலாளர் இரு வகையாக வேலை வாங்குகின்றனர். ஒன்று, நீருக்குள் காற்றை ஊதுதல். இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரத்து ஆர்டேர்ன், லொக்கெற் என்னும் இருவர் 1914 ஆம் ஆண்டில் இம்முறையை உலகுக்கு அறிவித்தனர். பெருநகரங்களின் கழிவுநீர் நிலையங்கள் பல இன்றும் இதனையே பின்பற்றுகின்றன. ஆயின் இதற்கு ஓயாத மின்சாரமும் தேர்ந்த மேற்பார்வையும் வேண்டும், சேறும் மிகுதி. மற்றையது, நீரைக் காற்றுள்ள கல்லின் மீதும் மணலின் மீதும் சிறிது சிறிதாகத் தூவுதல். கல்லின் மேனியிலே வழுவழுப்பான ஓர் உயிர்ப்படலம் வளரும். நீர் அதன்மேல் மெல்லென வழியும்பொழுது படலத்திலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைப் பற்றி உண்ணும். படுகையின்மேல் புல்லோ நாணலோ வாழையோ நட்டால் வேர்கள் படுகையை இறுகவிடாது காக்கும். பொறி குறைந்த இம்முறையே தீவுக்கு உகந்தது.

இனி, இவ்விரு குலத்தையும் ஏன் இணைத்தல் வேண்டும்? காற்று முறையை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்று வினவலாம். கழிவுநீரை அப்படியே மணற்படுகையில் விட்டால் திண்பொருள் சில கிழமைகளிற் படுகையை அடைத்துவிடும். காற்றை ஊதும் முறையாயின், தாங்கியிலே செலவின்றிக் கழிந்திருக்கக்கூடிய அழுக்குக்கும் மின்சாரம் செலவாகும். காற்றில்லா முறை பருத்ததை அரைக்கும் அம்மி. காற்று முறை நுண்ணியதைச் சலிக்கும் அரிதட்டு. அரைக்காததைச் சலிப்பதும் வீண். அரைத்ததைச் சலியாது விடுவதும் குறை. முதலிற் காற்றில்லாத் தாங்கி, அதன்பின் காற்றுப் படுகை என்னும் ஒழுங்கில் அமைந்தால், 300 மில்லிகிராம் என்ற ஒட்சிசன் தேவை 20, 30 மில்லிகிராம் என்னும் அளவுக்குக் குறைகிறது, நாற்றம் அகல்கிறது, கிருமிகளும் பெரிதும் குறைகின்றன.

இவ்வளவில் நின்றுவிட்டால் ஒரு பொறி காத்திருக்கிறது. அதனை அறியாதவர், நீர் தெளிந்து நாற்றமற்று வருவதைக் கண்டு வேலை முடிந்ததென மகிழ்வர். தாங்கியிலிருந்து அமோனியாவாக வந்த நைதரசனைக் காற்றுப் படுகையின் நுண்ணுயிர்கள் ஒட்சிசனுடன் கூட்டி நைத்திரேற்று ஆக்குகின்றன. நைத்திரேற்று நிறமற்றது, மணமற்றது, கொதிக்க வைத்தாலும் நீங்காதது. பாறையும் அதனைப் பிடித்து வைப்பதில்லை. புட்டிப்பால் கரைக்கும் நீரில் அது மிகுந்தால் சிறு குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பூக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் கொம்லி 1945 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என வரையறுத்துள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வரையறை கடந்து நைத்திரேற்று இருப்பது 1980 கள் முதல் ஆய்வுகளிற் பதிவாகி வருகின்றது. தோட்டங்களுக்கு இடும் பசளையோடு மலசலகூடக் குழிகளும் அதற்குக் காரணமெனக் கண்டுள்ளனர்.

ஒரு சிறு கணக்கு இதன் பாரத்தை விளக்கும். ஓர் ஆள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிராம் நைதரசனைக் கழிக்கிறார். அதிற் பெரும்பகுதி சிறுநீரில் உள்ளது. ஐவருக்கு 50 கிராம். அத்தனையும் நைத்திரேற்றாக மாறினால் 220 கிராமளவாகும். அதனை 50 மில்லிகிராம் என்ற வரையறைக்குள் அடக்க நாள்தோறும் ஏறக்குறைய 4,400 லீற்றர் தூயநீர் வேண்டும். நாலு பரப்பு வளவில், ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை பெய்து, அதில் நாலிலொரு பங்கு நிலத்தடியிற் சேர்வதாகக் கொண்டாலும், நாளொன்றுக்குக் கிடைப்பது 830 லீற்றரளவே. நைதரசன் முழுவதும் கிணற்றை அடைவதில்லை என்பது உண்மையே. ஆயினும் வரவுக்கும் செலவுக்கும் உள்ள இவ்விடைவெளியை நோக்கின், வளவின் மழை மட்டும் வீட்டின் கழிவை மன்னிக்கும் என்று நம்புதற்கு இடமில்லை.

இங்கேதான் இரு முறைகளின் இணைப்பு தன் முழுப் பயனைக் காட்டுகிறது. காற்றுப் படுகையிலிருந்து வெளிவரும் நீரில் ஒரு பகுதியைத் திரும்பவும் காற்றில்லாத் தாங்கியின் தலைவாயிலுக்கே செலுத்துதல் வேண்டும். அங்கே புதிய கழிவின் உணவு ஏராளம். சுவாசிக்கக் காற்று இல்லை. சிலவகைப் பற்றீரியாக்கள் அந்நிலையில் நைத்திரேற்றினுள் கட்டுண்டிருக்கும் ஒட்சிசனைப் பிரித்தெடுத்துச் சுவாசிக்கின்றன. எஞ்சும் நைதரசன் வாயுவாகி, தான் பிறந்த வானிலேயே கலக்கின்றது. காற்றில்லா அறை தொடங்கியதைக் காற்று அறை மாற்றுகிறது. காற்று அறை மாற்றியதைக் காற்றில்லா அறை முடித்து வைக்கிறது. வெளிச்செல்லும் நீரின் அளவுக்குச் சமமான நீரைத் திருப்பினால், கொள்கையளவில் நைத்திரேற்றிற் பாதியை இவ்வாறு நீக்கலாம். இருமடங்கு திருப்பினால் மூன்றில் இரண்டு பங்கை நீக்கலாம். அளவுக்கு மிஞ்சித் திருப்பினாலோ, நீருடன் கலந்து செல்லும் காற்றே தாங்கியின் அமைதியைக் கெடுத்துவிடும். ஆகவே இணைப்பு என்பது இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்தல் அன்று. அவற்றுக்கிடையே போக்கும் வரவும் அமைத்தலாகும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. யப்பான் நாட்டில் பெரிய வடிகால்கள் எட்டாத ஊர்களுக்கென ஜொக்காசோ எனப்படும் வீட்டுத் தாங்கிகள் வழங்குகின்றன. அவற்றின் ஒரு வகையில் முன்னறைகள் காற்றில்லா வடிகட்டிகள், பின்னறை காற்றூதும் அறை, இறுதியில் தொற்றுநீக்கம். மலசலகூட நீரை மட்டும் ஏற்ற பழைய வகையைப் புதிதாக அமைத்தல் 2001 ஆம் ஆண்டு முதல் அங்கே நிறுத்தப்பட்டது. குசினி நீரும் குளியல் நீரும் சேர்த்தே சுத்திகரிக்கப்படல் வேண்டும் என்பது சட்டம். 1983 ஆம் ஆண்டின் தனிச்சட்டமொன்று ஆண்டுதோறும் பரிசோதனையையும் சேறு அகற்றுதலையும் கட்டாயமாக்கியது. தாங்கியைக் காட்டிலும் இச்சட்டமே யப்பானியரின் வெற்றிக்குக் காரணம் எனினும் மிகையன்று.

தமிழர் வாழும் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில் 2003 ஆம் ஆண்டில் அமைந்த அரவிந்த் கண் மருத்துவமனை தன் கழிவுநீரைத் தன் வளவிலேயே சுத்திகரித்து வந்துள்ளது. முதலிற் படியும் தாங்கி. அடுத்துக் காற்றில்லா அறைகள். பின்னர் தாவரம் நட்ட கற்படுகை. இறுதியில் வெயிலும் காற்றும் படும் குளம். வெளிவரும் நீர் மருத்துவமனையின் தோட்டத்துக்குப் பாய்கிறது. தாங்கியைத் தடுப்புச்சுவர்களாற் பல அறைகளாக்கி, நீரை மேலும் கீழுமாக வளைந்து செல்லச் செய்து, அடிச்சேற்றினூடே ஊடுருவ விடும் அமைப்பு, 1980 களில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து மக்காட்டியும் அவர் துணைவரும் ஆராய்ந்து வளர்த்ததாகும். இலங்கையிலும் இதற்கு நெறி வகுக்கப்பட்டுள்ளது. அழுகல் தாங்கி பற்றிய இலங்கைத் தரநிலையின் இலக்கம் 745. அதன் இரண்டாம் பகுதி 2009 இல் வெளிவந்தது. தாங்கிக்குப் பின் வரவேண்டிய சுத்திகரிப்புப் படிகளை அது எடுத்துரைக்கிறது.

மண்டைதீவின் வளவொன்றில் இது எவ்வாறு அமையலாம் என நோக்குவோம் எனின், முதல் விதி அடி மூடியிருத்தல். தாங்கிக்கு நாற்புறமும் சுவர் இருப்பது போதாது. அடியிலும் ஒழுக்கற்ற கொங்கிறீற்றுத் தளம் வேண்டும். அடி திறந்த குழிக்குத் தாங்கி என்று பெயரிடுதல் தன்னைத்தானே ஏமாற்றுதலாகும். ஐவர் வாழும் வீட்டுக்கு ஏறக்குறைய 2,500 லீற்றர் கொள்ளும் தாங்கி, தடுப்புச்சுவரால் மூன்று அறைகளாகப் பிரிக்கப்பட்டுப் போதியதாகும். இரண்டாம் விதி, படுகை நிலத்துக்கு மேலே உயர்ந்திருத்தல். மாரிநீர் ஏறினாலும் படுகை நனையலாகாது. ஆளுக்கு இரண்டு சதுர மீற்றர் எனக் கொண்டால், பத்துச் சதுர மீற்றர் பரப்பும் மூன்றடி ஆழமும் கொண்ட, அடி மூடிய மணற்கற் படுகை போதும். நாலு பரப்பு வளவில் இது நூற்றில் ஒரு பங்கு இடமே. தாங்கியின் இறுதியறையிலிருந்து ஒரு சிறு பம்பி நீரைப் படுகையின் மேல் விட்டுவிட்டுத் தூவும். ஒரு முறை தூவியதும் அடுத்த முறை வரும் வரையிற் படுகை மூச்சு வாங்கும். படுகையிலிருந்து வடியும் நீர் ஒரு பிரிப்புப் பெட்டியை அடைந்து, பாதி தாங்கிக்கு மீளும். பாதி மரங்களுக்குச் செல்லும். நாளொன்றுக்கு ஆயிரம் லீற்றரை ஆறடி உயர்த்த வேண்டிய மின்சாரம், பழைய 60 உவாற்று மின்குமிழ் ஒன்று ஒரு மணிநேரம் எரிய வேண்டியதைக் காட்டிலும் மிகுதியாகாது.

இறுதியாக வெளிவரும் நீரை மீண்டும் ஒரு குழியில் இறக்குதல் கூடாது. தென்னை, வாழை முதலியவற்றின் வேரடியில், நிலத்தின் மேற்பரப்புக்குச் சற்றே கீழாகப் பரவ விடுதல் வேண்டும். எஞ்சிய நைத்திரேற்று அம்மரங்களுக்குப் பசளை. அவை உண்டது கிணற்றுக்குச் செல்லாது. ஆயினும் இந்நீர் குடிப்பதற்கோ, பச்சையாக உண்ணும் கீரைக்கும் காய்க்கும் தெளிப்பதற்கோ உரியதன்று. கிருமிகள் குறைந்துள்ளனவேயன்றி முற்றாக ஒழிந்தனவல்ல. கிணற்று நீரைக் கொதிக்க வைத்துப் பருகும் பழக்கத்தையும் இதன் பொருட்டுக் கைவிடலாகாது.

தீவுக்கே உரிய ஓர் இடையூறும் உண்டு. நன்னீரை மிச்சப்படுத்தக் கருதி உவர்க்கிணற்று நீரை மலசலகூடத்துக்கு ஊற்றுதல் சில இடங்களில் வழக்கம். கடலுப்பிற் கலந்துள்ள சல்பேற்று காற்றில்லாத் தாங்கியில் ஐதரசன் சல்பைட்டு வாயுவாக மாறும். கூழ்முட்டை நாற்றம் வீசுவதும், தாங்கியின் மேற்கூரைக் கொங்கிறீற்றும் இரும்பும் அரிபடுவதும் அதனாலேயே. அத்தகைய வீடுகளில் தாங்கிக்கு உயர்ந்த புகைபோக்கிக் குழாயும், இரும்புக்குப் பதிலாகத் துருவேறாத பொருள்களும் வேண்டும்.

பராமரிப்பு சிறிதேயாயினும் தவறாது நடைபெறல் வேண்டும். சேறு ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 40 லீற்றர் சேரும். தாங்கியின் மூன்றிலொரு பங்கை அது எட்டுமுன் பவுசர் கொண்டு அகற்ற வேண்டும். அவ்வாறு அகற்றிய சேறு தரவையிலோ கடற்கரையிலோ கொட்டப்படுமாயின் செய்த வேலை யாவும் வீண். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுதலும், கிருமிநாசினியை அளவின்றிக் கொட்டுதலும் ஆகா. முன்னது படுகையை அடைக்கும், பின்னது உழைக்கும் நுண்ணுயிர்களையே கொல்லும். பம்பி பழுதுபட்டால் அதனை உடனே அறிதற்கு ஒரு சிறு விளக்கு இருத்தல் நன்று.

இவ்வளவு செலவை ஓர் ஏழை மீனவக் குடும்பம் தாங்குமா என்ற வினா நியாயமானது. நீர்வில்லை ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதை நினைந்தால் விடையும் அங்கேயே உண்டு. பத்து வீட்டுக் கிணறுகளும் ஒரே நீரையே தொடுகின்றன. ஒருவர் தம் குழியை மூடி அயலவர் திறந்து விட்டால் இருவரும் ஒரே நீரைக் குடிப்பர். ஆகவே நாலைந்து வீடுகள் கூடி ஒரு தாங்கியும் ஒரு படுகையும் அமைத்தல், செலவிலும் சிக்கனம், பயனிலும் முழுமை. பாடசாலை, மருத்துவநிலையம், கோவில் மடம், விருந்தினர் விடுதி போன்ற பலர் கூடும் இடங்களில் முதலில் தொடங்குதல் பொதுநிதியின் கடமையாகும். 2025 ஆம் ஆண்டு செப்டெம்பரில் மண்டைதீவிலே சர்வதேசக் கிரிக்கெற் மைதானமொன்றின் கட்டுமானப் பணி தொடக்கி வைக்கப்பட்டது. பல்லாயிரவர் ஒரே நாளில் வந்து செல்லும் அத்தகைய இடத்தின் கழிவுநீர் எங்கே செல்லும், எவ்வாறு சுத்திகரிக்கப்படும் என்ற வினா, இருக்கைகளின் எண்ணிக்கை பற்றிய வினாவிலும் முந்தியது. அங்கே முழுமையான இணைப்பு முறை அமையுமாயின் தீவு முழுவதற்கும் அதுவே பாடசாலை ஆகும்; அமையாவிடின் தீவு முழுவதும் அதன் விலையைச் செலுத்தும்.

இதற்கிடையே எவரும் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. ஆண்டுக்கு இருமுறை, மாரியின் முடிவிலும் கோடையின் கடைசியிலும், ஊர்க் கிணறுகளின் நீரை நைத்திரேற்றுக்கும் மலக்கிருமிக்கும் சோதித்து, அவ்விலக்கங்களை ஊரவர் காண எழுதி வைத்தல். கண்ணாற் காணாத கேட்டை இலக்கம் காட்டும். எந்த வளவில் முதலிற் கை வைக்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும்.

முன்னோர் கிணறு தோண்டும்பொழுது நல்ல நாள் பார்த்து, நீரோட்டம் பார்த்து, இடம் தேர்ந்தனர். ஊற்றுக் கண்டவுடன் முதல் நீரைக் கைகூப்பி ஏற்றனர். குழி தோண்டும்பொழுது அத்துணைச் சிந்தனை செலுத்தப்படுவதில்லை. கிணற்றுக்குக் காட்டிய மதிப்பிற் பாதியைக் குழிக்கும் காட்டியிருப்பின் தீவின் நீர் இன்னும் இனிமையாயிருக்கும். மூடிய தாங்கியிற் காற்றின்றி உழைப்பவையும், திறந்த படுகையிற் காற்றோடு உழைப்பவையும் கூலி கேட்பதில்லை. தம் தம் இடமும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவும் மீளவும் ஒரு வழியுமே அவை வேண்டுவன. அவ்வழியை அமைத்துக் கொடுத்தல் மனிதரின் பொறுப்பு.